அண்ணனுக்கு வசனம் இல்லை

அப்பா போன பிறகு அண்ணன் எழுதிய ஆறு நாடகங்களிலும் ஓர் அண்ணனும் தம்பியும் உண்டு. வீடு மாறும், தொழில் மாறும். அண்ணன்காரன் தாமதமாக வந்து சேருவான். வாசலில் நிற்கும் தம்பிக்காரன் ஒரு பொய் சொல்லுவான். விளக்கு அணைந்துவிடும். கடைசி வரிசையிலிருந்து பார்த்துவிட்டு, கைதட்டல் ஓய்வதற்குள் நழுவிவிடுவேன். அந்தத் தம்பி நான்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணனுடைய நாடகம் ஒன்று அன்று மாலை அரங்கேற இருந்தது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை.

"பெரியவன் வந்துட்டானா?" அப்பா இரண்டு தடவை கேட்டார்.

"வந்துட்டே இருக்கான்ப்பா."

நாடகம் கெட்டுவிடுமே என்றுதான் கூப்பிடவில்லை என்று, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த அண்ணனிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. நான்கு மாதம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் நான். இவன் வந்து நின்றால் அவர் கண் இவன் பக்கம் போய்விடும். கடைசி நாளாவது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் என்னைச் சிறிது நேரம் பார்த்தான். "சரிடா" என்றான். அதோடு முடிந்தது. பேச்சு நின்றுவிடவில்லை. வருவான், போவான், என் பிள்ளைகளைக் கேலி செய்வான். அதைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை.

போன மாதம் அவனும் போய்விட்டான். ஏழாவது நாடகத்தின் ஒத்திகைக்கு மீசை என்னைக் கூப்பிட்டார். மழமழவென்று சிரைத்த அந்த முகத்துக்கு அப்படிப் பெயர் வைத்தவன் அண்ணன்தான். எல்லா நாடகத்திலும் அண்ணன் வேஷம் அவருக்குத்தான்.

"நாடகத்துல கடைசிக் காட்சியக் காணோம் தம்பி. உங்ககிட்ட ஏதும் குடுத்து வச்சிருக்காரா?"

"இல்லண்ணே. என்கிட்ட நாடகம் பத்திப் பேசவே மாட்டான்."

"எனக்கு எப்பவும் இதே ரோதனை. தம்பிக்காரன் புளுகுறான், நான் மரமாட்டம் நிக்கிறேன். 'யோவ், வீட்டுலதான் என் பொண்டாட்டி வாயத் தொறக்க விடமாட்டேங்கிறா, மேடையிலயாவது ரெண்டு வசனம் குடுய்யா'ன்னு கெஞ்சுவேன்."

சிரித்துவிட்டேன். "என்ன சொல்லுவான்?"

"'அவன் இன்னும் கேக்கலையேய்யா. அவன் மன்னிப்புக் கேக்கட்டும், அடுத்த நிமிஷமே உனக்கு எழுதித் தந்துடறேன்'பாரு. 'கேக்குறதையும் நீயே எழுதேன்யா'ன்னா, 'அது நான் எழுதக் கூடாது'ன்னு எழுந்து போயிடுவாரு."

ஒத்திகைக் கூடத்தில் செட் கிடையாது. தரையில் சாக்பீஸால் ஒரு வாசல் வரைந்திருந்தார்கள். மீசை அதற்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் இந்தப் பக்கம் போய் நின்றேன்.

"அண்ணா, அப்பா உன்னக் கேட்டாருடா. ரெண்டு தடவ. நாடகத்துக்காக இல்ல. வேணும்னுதான் நான் கூப்பிடல. என்ன மன்னிச்சிடு."

மீசைக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அண்ணன் எழுதித் தராத ஒரு வார்த்தையை அவர் ஒருநாளும் பேசியதில்லை.