இரண்டாம் குரல்

ஐரினால் பேச முடியாது, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று அன்று காலையில் பதினோராவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் கிருபை. அப்பாவின் சவப்பெட்டி திறந்திருந்தது. வரிசையில் வந்தவர்கள் முதலில் அம்மாவின் கையைப் பிடித்தார்கள், அடுத்ததாகக் கிருபையின் கையை. மூன்றாவதாகத் தங்கை ஐரினிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்கள். கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, கண் நிறையத் தண்ணீரோடு வாயைத் திறக்காமல் நிற்கும் சின்னப் பெண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? வாய்விட்டு அழக்கூட முடியவில்லையே, பாவம் என்றார்கள். வாய்விட்டு அழ முடிந்த கிருபையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐரின் நான்கு வருடமாகப் பல்கலைக்கழக இசைப் பள்ளியில் ஆபரா என்ற மேனாட்டு இசைநாடகம் படிக்கிறாள். மே மாதம் மேடையேறும் நாடகத்தில் முக்கியமான வேடம் அவளுக்குத்தான். ஒத்திகையில் பாடிப் பாடித் தொண்டைக்குள் தடிப்பு விழுந்துவிட்டது. டாக்டர் பதினான்கு நாள் மௌனம் என்று எழுதிக் கொடுத்தார். கிசுகிசுக்கவும் கூடாது, அது பேச்சைவிடக் கெடுதல் என்று பாட்டு டீச்சர் வீட்டுக்கே போன் செய்து கிருபையிடம் சொன்னாள். இன்று பதினான்காவது நாள். நாளைக் காலை டாக்டர் பார்த்த பிறகுதான் வாய் திறக்கலாம்.

பாளையங்கோட்டையில் இருந்த காலத்திலேயே அப்பா ஞானசிகாமணிதான் கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவர். டொரொண்டோவுக்கு வந்து வரைபட ஆபீஸில் சேர்ந்த பிறகும், ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டில் ராத்திரி செபத்துக்கு வீட்டில் மூன்று பேரையும் நிற்க வைத்துப் பாட வைத்தார். கிருபைக்குப் பதினான்கு வயதானபோது, "நீ ஆல்ட்டோ பாடு, மெட்டை ஐரின் பாடட்டும்" என்று சொன்னார். ஐரினுக்கு அப்போது எட்டு வயது. அன்றிலிருந்து பதினான்கு வருடமாகக் கிருபை, மெட்டுக்கு அடியில் துணையாக ஓடும் அந்த இரண்டாம் குரலையே பாடி வருகிறாள். ஆல்ட்டோ இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாகிவிடும் என்று அப்பா சொல்வார். இருக்கலாம். ஆனால் கோவிலைவிட்டுப் போகிற எவரும் ஆல்ட்டோவை முணுமுணுத்துக்கொண்டு போவதில்லை. ஐரினை இசைப் பள்ளித் தேர்வுக்குக் கூட்டிப்போனதும் கிருபைதான். கதவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேருடைய குளிர்கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே தங்கை பாடியதை ஒரு ஸ்வரம் விடாமல் கேட்டாள். இதை என்னாலும் பாட முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப் அடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை நினைக்கக் கூடாது என்றுதான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று அம்மா குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி அறையில் அக்காவும் தங்கையும் மட்டும். சர்க்கரை வியாதியில் அப்பாவுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே பார்வை போய்விட்டது. அதனால் ஐரின் நோட்டில் எழுதுவதை எல்லாம் கிருபைதான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். பத்து நாளாக இந்த உத்தியோகம். அப்பா சாப்பிட்டீங்களா, அப்பா வலிக்குதா என்று தங்கையின் பிரியத்தை எல்லாம் தன் வாயால் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்துபோயிருந்தது. ஒரு தடவைகூட அப்பா கிருபையை, நீ சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"ஐரின் இருக்காளா?" என்றார் அப்பா. வலி மருந்தில் நாக்கு குழறியது.

"பக்கத்துலதாம்பா இருக்கா. உங்க கையப் பிடிச்சிருக்கது அவதான்."

"ஒரு பாட்டு பாடச் சொல்லு. மெதுவாப் பாடினாப் போதும்."

ஐரின் அவசரமாக எழுதி நோட்டைத் திருப்பினாள். 'வெள்ளிக்கிழமை டாக்டர் விட்டதும் முதல் பாட்டு உங்களுக்குத்தான் அப்பா. அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.'

கிருபை அதை இரண்டு முறை கண்ணால் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"அக்காவப் பாடச் சொல்லுங்கப்பா, என்னைவிட அக்காதான் நல்லாப் பாடுவான்னு எழுதியிருக்காப்பா."

ஐரின் நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் உதடு பிரிந்ததைக் கிருபை பார்த்தாள். அது திரும்ப மூடிக்கொண்டதையும் பார்த்தாள். அப்பாவைவிட உனக்குத் தொண்டைதானே பெரிசு என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் பிறகு எவ்வளவு தேய்த்தும் கழுவ முடியவில்லை.

அப்பா ஐரினின் கையை இறுக்கிப் பிடித்தார். அப்புறம், "சரி, பாடு" என்றார்.

கிருபை ஜன்னலோரம் நின்று, ராத்திரி செபத்தில் பாடும் பாட்டைப் பாடினாள். ஆல்ட்டோ இல்லை, மெட்டு. மூன்று சரணமும் பாடினாள். ஐரின் கையிலேயே அப்பாவின் விரல் தாளம் போட்டது. முடிந்ததும், "நல்லாருக்கும்மா" என்றார். திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார்.

நல்லாருக்கும்மா. மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கிருபை சவப்பெட்டி பார்த்தாள், ஊருக்குத் தந்தி அடித்தாள், அப்பாவின் கோட்டை இஸ்திரி போட்டாள். பொய் சொல்லி வாங்கியதுதான். இருந்தாலும் அவளுக்குச் சொன்னது.

வரிசை தீர்ந்ததும், அதே அப்பார்ட்மென்ட் கட்டடத்தில் குடியிருக்கும் லலிதா வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் திரும்பிப் போனப்ப, அவிய முகத்துல அப்படி ஒரு தெளிச்சி. ஐரின் பாடிட்டா, அவ கொரலு வந்துட்டு, இனி எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொன்னாவ. அதான் கடைசியாப் பேசுனது."

கிருபை கையில் இருந்த பூங்கொத்தைப் பெட்டியின் காலடியில் வைக்கக் குனிந்தவள், நிமிர நேரமாயிற்று. நான்தான் பாடினேன் என்று சொல்லலாம். ஐரினைத்தானே கேட்டாவ, நீ ஏன் பாடின என்று அம்மா கேட்பாள். ஐரின் உண்மையில் எழுதியதைக் காட்டும் அந்த நோட்டு அவள் கைப்பையில் இருக்கிறது. ஐரினும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

கல்லறையில் பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. பாதிரியார் சீக்கிரமாகவே முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டுகளைக் கட்டில்மேல் குவித்துவிட்டு, கிருபை எல்லோருக்கும் டீ போட்டாள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய், கடைசியில் லலிதா மட்டும் மிச்சம். அம்மா சோபாவில் ஐரினைத் தன்னோடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டி ஐரின், என்ன பாட்டு பாடினன்னு அவிய சொல்லவே இல்லியே. எழுதிக் காட்டு."

கிருபை சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள். நோட்டு ஐரினின் மடிக்கு வந்தது. பென்சிலும் வந்தது. எழுதட்டும், எல்லாவற்றையும் எழுதட்டும் என்று ஒரு மனசு சொன்னது. எழுதினால் அப்பாவின் காதில் விழுந்தது யாருடைய குரல் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்காவது தெரியும்.

ஐரின் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி செபத்துல பாடுவோம்லாம்மா, அந்தப் பாட்டுத்தான்" என்றாள். "மூணு சரணமும் பாடினேன்."

பதினான்கு நாளுக்குப் பிறகு அந்தக் குரல் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. லலிதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுதாள், பெட்டி பக்கத்தில் அழாத அழுகையை எல்லாம் சேர்த்து. அவள் தோளுக்கு மேலாக ஐரின் அக்காவைப் பார்த்தாள். அம்மாவுக்காகச் சொன்னாளா, அக்காவின் பாட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாளா என்று கிருபைக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த இரண்டு வரிப் பேச்சுகூடத் தான் பாடிய மூன்று சரணத்தைவிட நன்றாக இருந்தது.

"நாளைக்குத்தான் அவ பேசலாம், லலிதாக்கா" என்றாள் கிருபை. "டாக்டர் சொல்லியிருக்காரு."

பிறகு உள்ளே போய், தங்கையின் தொண்டைக்கு இதமாக மிளகும் மஞ்சளும் போட்டு, ஒரு தம்ளர் பாலை அடுப்பில் வைத்தாள்.