அம்மன் கேட்ட குளிசை

பொன்னம்பலத்தாரின் வம்சத்தில் விசர், பைத்தியம் என்ற சொற்களுக்கு இடமிருந்ததில்லை. அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர்; சண்டைக்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீடு வாங்கியவர். மூத்தவள் நேசமலர் சுவரோடு கதைக்கத் தொடங்கியபோது, ஒருவர் கண்ணிலும் படாமல் பொரளையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் எழுதித் தந்த மருந்துக் குளிசையில் அவள் தெளிந்தாள். தலைவாரினாள், சமைத்தாள், சிரித்தாள்.

பிறகு இளையவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசிவந்தது.

"மூத்தவவுக்குத் தலையில ஏதோ வருத்தமாம்?" என்று தரகர் இழுத்தார்.

"வருத்தமில்லை. அவவில அம்மன் வாறவ."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? அம்மன் வருகிற உடம்புக்கு மருந்து எதற்கு? குளிசைப் போத்தலை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நாளில் சுவர் மறுபடியும் கதைத்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் சிவக்கொழுந்து வந்தார். அவருடைய மூத்த மகனைக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் ஆமிக்காரர் சுற்றிவளைத்துப் பிடித்துப்போனார்கள். அதன் பிறகு தகவலே இல்லை. சம்பந்தம் பேச வந்தவரின் கண் சாமியறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அங்கே நேசமலரைச் சிவப்புச் சேலையில் இருத்தியிருந்தார்கள்.

"தாயே, என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ?"

"மாமி, எனக்கு அம்மன் வாறேல்லை. தலைக்குள்ள ஆக்கள் கத்துகினம். நித்திரை இல்லை. அப்பா குளிசையைப் பூட்டிப்போட்டார். எடுத்துத் தரச் சொல்லுங்கோ."

சிவக்கொழுந்தின் முகம் சுருங்கியது. பொன்னம்பலத்தார் அசையவில்லை.

"முதல்ல இல்லையெண்டுதான் சொல்லுவா. வந்த ஆளைச் சோதிக்கிறா."

நேசமலர் தகப்பனை வெறித்துப் பார்த்தாள். இந்த வீட்டில் தன் சொல் செல்லாது, அம்மன் சொல்தான் செல்லும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. கொண்டையை அவிழ்த்தாள். உடம்பை உலுப்பினாள்.

"டேய் பொன்னம்பலம்!"

அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அந்த வீட்டில் எவருமில்லை. வாசலில் நின்ற மனைவி பாலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அலுமாரியைத் திறவடா! இந்தப் பிள்ளைக்குக் குளிசையைக் குடு. குடாட்டி இஞ்சை கலியாணம் நடவாது!"

நடிப்பு என்று அவருக்குத் தெரிந்தது. குரல் அதட்டியது, கண் கெஞ்சியது. போத்தலை வெளியே எடுத்தால் அதில் டொக்டரின் பெயர் இருக்கும். சிவக்கொழுந்து எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்.

கைகூப்பினார். "உத்தரவு தாயே."

திருநீற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினார்.

"அம்மன் குளிசையெண்டு கேக்கிறது இதைத்தான்," என்று சிவக்கொழுந்துக்கு விளக்கினார். "பாலேஸ்வரி, பிள்ளையின்ர தலையைப் பிடியும்."

"இஞ்சருங்கோ, பாவமப்பா..."

"பிடியும் எண்டனான்."

பிடித்தாள். நேசமலர் பல்லைக் கடித்தாள். அவர் தாடையை நெரித்துத் திறந்து, ஒவ்வொன்றாகத் திணித்தார். ஓங்காளித்தாள், விழுங்கினாள்.

"அப்பா," என்றாள், தன் சொந்தக் குரலில். சாம்பல் நீர் கடைவாயால் வழிந்தது.

சிவக்கொழுந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணீரோடு சிரித்தார்.

"எங்களுக்குப் பூரண சம்மதம். என்ர பிள்ளையின்ர சேதியும் இனித் தாய் சொல்லுவா. வாற வெள்ளி, என்னைப்போல பிள்ளையளைத் துலைச்ச ஆக்களையும் கூட்டிவரட்டோ?"

"தாராளமா."

அவர் படியிறங்கியதும் பொன்னம்பலத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சேலையைத் தோய்ச்சுப் போடும்," என்றார் மனைவியிடம். "வாற கிழமை நிறைய உருட்ட வேணும்."