பதினான்காம் திகதி வரைக்கும்

ரன்மெனிக்காவின் வயிற்றிலிருந்து வடிந்த நீர், சோற்றுக் கஞ்சியைப் போல வெளுத்திருந்தது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு மூன்று வருடமாக அவள் வயிற்றுக் குழாயை நம்பித்தான் வாழ்கிறாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, ஊறவைத்து, வெளியே வடிக்க வேண்டும். வடித்த பையைப் பத்திரிகைக்கு மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி.

அன்று கைக்கு அகப்பட்ட பத்திரிகையில் பிரதியமைச்சரின் படம் இருந்தது.

"ஐயாவின்ர முகம் தெரியுதோ?" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

புருசன் திக்கிரிபண்டா குனிந்து பார்த்தான். "மீசைகூடத் தெரியேல்ல."

"வடிவாப் பாருங்கோ, மனுசா."

"அந்த மீசையே தெரியேல்ல எண்டா, வேற என்னத்தைப் பாக்கிறது?"

படம் அவர்கள் வீட்டிலேயே நான்கு நாளைக்கு முன் பிடித்தது. பை மாற்றுவதற்கென்று எட்டடிக்கு எட்டடி அறையொன்று. தூசி பறக்கக்கூடாது, ஆள் கூடக்கூடாது. கட்டியவன் திக்கிரிபண்டா. மணல் சுமந்தது எங்கள் ஊர். திறந்து வைத்தது மட்டும் பிரதியமைச்சர். அறைக்குள் பத்தொன்பது பேர் நெருக்கியடித்து நிற்க, புதுத் தரையில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டார்கள். பொங்கிய பாலோடு முதல் பையும் சுபநேரத்துக்குள் மாற்றப்பட்டால்தான் படம் முழுமையாகும் என்று யாருக்கோ தோன்றியது. ரன்மெனிக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடிக்க இரண்டு நிமிடம் வேண்டும். சுபநேரம் முடிய ஒரு நிமிடம் இருந்தது.

"கழுவினது காணும் அக்கா, கை வெள்ளையாத்தானே இருக்கு," என்றார் அமைச்சரின் இணைப்பாளர் லலந்த. பத்தொன்பது பேர் பார்த்திருக்க, அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் தாதி நயனகாந்தி கலங்கிய பையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, புதுப் பைக்குள் கிருமிக்கான மருந்தை ஊசியால் ஏற்றினாள்.

"எவ்வளவு நேரம் கை கழுவினனீங்கள்?"

ரன்மெனிக்கா புருசனைப் பார்த்தாள்.

"நேரமெல்லாம் சரியாத்தான் இருந்தது, மிஸ்," என்றான் திக்கிரிபண்டா. "சுபநேரம்."

ஐந்து நாள் கெடு என்றார் டொக்டர். அதற்குள் நீர் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும். வைத்திருந்தால் கிருமி ஆளையே கொண்டுபோய்விடும். காலையில் திக்கிரிபண்டா பையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். மூன்றாம் நாள் எதிர்க் கட்டிடம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். நான்காம் நாள் மறுபடியும் கஞ்சி. ஐந்தாம் நாளும்.

இரண்டாம் திகதி குழாயை எடுத்தார்கள். இனி மெசினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். அதற்காகக் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். மெசின் நான்கு இருந்தது; நான்கிலும் ராவு பகலாக ஆள்; வெளியே காத்திருப்போர் பட்டியல்.

"எத்தினை நாள் தாங்குவாள்?" என்று கேட்டான் திக்கிரிபண்டா.

"ஒரு கிழமை," என்றார் டொக்டர். "அதுக்கு மேல என்னைக் கேக்காதேங்கோ."

ஐந்தாவது மெசினும் இருந்தது. மூலையில், பொலித்தீன் உறை போட்டு, இளஞ்சிவப்பு ரிபன் கட்டி. பிரதியமைச்சர் பதினான்காம் திகதி திறந்து வைப்பதாக ஏற்பாடு.

லலந்த பழக்கூடையோடும் படம்பிடிப்பவரோடும் வந்தபோது, திக்கிரிபண்டா அவர் காலைப் பிடித்துவிட்டான். லலந்த பதறி, வராந்தாவில் நின்று போனில் கதைத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"ஐயா உருகிப்போனார், அண்ணை! 'அறையையும் நான்தான் திறந்தன், மெசினையும் அவவுக்கே திறப்பம்' எண்டிட்டார். பதினாலாம் திகதி, காலமை பத்து இருபத்தாறு சுபநேரத்துக்கு. அக்கா மட்டும் அதுவரைக்கும் பொறுத்திருக்க வேணும்."

"அவளைப் பொறுக்கச் சொல்லலாம், ஐயா. அவளின்ர ரத்தத்துக்கு ஆர் சொல்லுறது?"

"வெள்ளைச் சாரி உடுத்தினா படத்துக்கு வடிவா இருக்கும்."

"அண்டைக்கு அவளுக்கு வெள்ளைதான் உடுத்திவிடுவினம், ஐயா. நீங்கள் சொல்லவே தேவையில்லை."

எட்டாம் திகதி காலை ரன்மெனிக்காவின் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடி, "தண்ணி எனக்குள்ளயே ஏறுது," என்றாள்.

திக்கிரிபண்டா மூலையைக் காட்டினான். "அது ஓடுமோ, மிஸ்?"

"செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பாத்தது. தங்கமா ஓடுது."

"அப்ப?"

"இன்னும் திறக்கேல்லையே."

அவன் நயனகாந்தியின் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான்.

"திக்கிரிபண்டா, அது பண்டேஜ் வெட்டிறது."

"கூர் இருக்கோ?"

நயனகாந்தி கதவைப் பார்த்தாள். ரன்மெனிக்காவின் மூச்சைக் கேட்டாள். "இருக்கு," என்றாள்.

ரிபன் அறுந்தபோது யாரும் கை தட்டவில்லை. நான்கு மணி நேரம் மெசின் ஓடியது. முடியும்போது ரன்மெனிக்கா தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள்.

"இண்டைக்கு டொக்டரை எப்பிடியோ சம்மதிக்க வைச்சன்," என்றாள் நயனகாந்தி. "நாளையிண்டைக்கு, பத்தாம் திகதி, திரும்பச் செய்யாட்டி இந்த வீக்கம் திரும்பி வரும். ஆனா அது என்ர கையில இல்லை."

பின்னேரம் லலந்த புது ரிபனோடு வந்து, மூச்சு வாங்க வாங்க, முன்பிருந்ததைவிட இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டினார். பிறகு போனில், "ஒண்டும் இல்லை ஐயா, ஒருத்தரும் திறக்கேல்லை," என்றார்.

திக்கிரிபண்டா கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.