கிளிமூக்கு எழுத்து

சவப்பெட்டியின் மூடிக்குக் கறுப்பு பூசி முடித்த பிரபுதாஸ், வெள்ளை பெயிண்டையும் பிரஷையும் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தான்.

"பேரை நீங்களே எழுதிடுங்க அண்ணி. அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதிலேர்ந்து போர்டெல்லாம் நீங்கதானே எழுதிகினு இருந்தீங்க."

தபிதாள் பிரஷைத் தொடவில்லை. அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியவனுக்கு இங்கே நடந்தது என்ன தெரியும்? வாசலில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் முனியன் தலையைத் திருப்பினார்.

போன மாதம் ரயில்வே ஸ்டேஷன் மதிலில் 'வெள்ளையனே வெளியேறு' என்று யாரோ எழுதிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ! வ-வுக்குக் கிளிமூக்கு, ன-வுக்குச் சுருண்ட அணில்வால், புள்ளிக்குப் பதிலாக மல்லிமொட்டு. திருத்தணியில் சோடாக்கடை, துணிக்கடை என்று எல்லாப் பலகையிலும் சிரித்துக்கொண்டிருக்கிற எழுத்து. பெயிண்டர் ஏசுவடியான் கை என்று பச்சைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். போலீஸ் வந்து கேட்டபோது அவனும் படுக்கையில் கிடந்தபடியே, நான்தான் எழுதினேன் என்றுவிட்டான். பிரஷைப் பிடிக்கவே முடியாத கை அது. காய்ச்சல் விட்டதும் கூட்டிப்போகலாம் என்று முனியனைக் காவலுக்கு வைத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. நேற்று அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மதிலில் எழுதியவள் தபிதாள். எழுதுகிறபோது துளி பயம் இருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. இப்போதோ இடுப்பில் உட்கார்ந்து பிரேமகுமாரி முந்தானையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். தன்னையும் கொண்டுபோய்விட்டால் இதற்கு யார் இருக்கிறார்கள்?

முனியன் எழுந்து பக்கத்திலேயே வந்து நின்றார்.

"எழுதும்மா, பாக்கறேன்."

குழந்தையைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். ஏ. சு. கை தானாகவே வளையப் பார்த்தது. வ வந்தபோது மணிக்கட்டு மூக்கை இழுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக இறக்கினாள். சிலேட்டில் சின்னப்பிள்ளை கிறுக்கியதுபோல் கோணல்மாணலாகப் புருஷன் பெயர் வந்தது. மொட்டையான எழுத்தைக் கண்டாலே மூஞ்சியைச் சுளிக்கிற மனுஷன். அவளுக்கு அழுகை முட்டியது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பிரபுதாஸ் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணி, அண்ணன் எழுத்து மாதிரியே இல்லியே?"

"நான் அவரு போட்ட கோட்டுக்குள்ள பெயிண்ட் ரொப்பறவதான் தம்பி." முனியனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். "எழுத்து அவரோடது. அவரோட போச்சு."

முனியன் மூடியையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, சீக்கிரம் தூக்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துக்கும் அவர் கூடவே வந்தார். போதகர் ஜெபித்து முடித்ததும் அவளை மண் போடச் சொன்னார்கள். பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவள் போட்ட மண் பெயரின் மேல் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது.

குழிக்கு எதிர்ப்பக்கம் முனியன் நின்றுகொண்டிருந்தார். பிரபுதாஸ் அவள் தோளைத் தொட்டு, போதும் அண்ணி என்றான். மூக்கில்லாத வ இன்னும் வெளியே தெரிந்தது. அவள் குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள்.