தில்லாலங்கடிக்கு மூன்று சான்றுகள்

மணி மூன்று பத்து. அகராதி அலுவலகத்தில் அவள் மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்றில் 'தில்லாலங்கடி' என்ற சொல், பொருள் இல்லாமல். மற்றதில் சித்தப்பாவின் பெயர், நன்னடத்தைச் சான்று இல்லாமல்.

சொல் இன்று அச்சுக்குப் போக வேண்டும். சித்தப்பா இன்று வாடகை அறைக்குப் போக வேண்டும். அறைக்காரம்மா கறார். வேலையில் இருப்பவர் யாராவது நற்சான்றுக் கடிதம் தர வேண்டும், அதுவும் ஐந்து மணிக்குள்.

நாலு நாள் என்று வந்த சித்தப்பா நாலு மாதமாக அவள் கட்டிலில் படுக்கிறார். அவள் சமையலறைத் தரையில். போன வாரம் அவளுடைய சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டார். அதை அவள் தினமும் இரவல் வாங்கி வேலைக்கு வருகிறாள். காசும் கொடுத்துச் சைக்கிளையும் இரவல் தரும் பக்கத்து வீட்டுக்காரரோ சித்தப்பாவைக் கண்டால் எழுந்து நின்று சிரிக்கிறார்.

'இவர் நல்லவர்' என்று அலுவலகத் தாளில் எழுதி, கையெழுத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்தார்.

"சான்று எங்க?"

"ஐயா, இது அகராதி இல்ல, கடிதம்."

"இங்கேருந்து போற எந்தத் தாளுக்கும் ஒரே விதிதாம்மா. ஒரு பொருளுக்கு மூணு சான்று."

சித்தப்பா மதியத்திலிருந்து வரவேற்பு நாற்காலியில் இருந்தார். கையில் தேநீர். ஏழு வருடத்தில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தராத தட்டச்சர் போட்டுக் கொடுத்தது.

"தில்லாலங்கடியா? கூத்துல தாளம் தப்பினா அப்படித்தான் பாடிச் சமாளிப்பாங்க. அங்கேருந்து வந்த சொல்லு," என்று தட்டச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, காவலாளிகிட்ட அது ஒரு கப்பல்காரன் பேருன்னு சொன்னீங்க."

"அவருக்குக் கடல் பிடிக்கும்மா."

பதிப்பாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீங்க நல்லவர்னு காட்ட ஏதாவது சொல்லுங்க."

"எரியிற வீட்டுக்குள்ள புகுந்து ஒரு அம்மாவத் தூக்கிட்டு வந்தேன்."

"தீ எப்படிப் பிடிச்சது?"

"என் பீடிதான்."

"அடுத்தது?"

"ஒரு பொண்ணு வாழ்க்கையக் காப்பாத்தினேன். கல்யாணத்த நிறுத்தி."

"மாப்பிள்ளை மோசமா?"

"நான்தாங்க மாப்பிள்ளை."

காவலாளி வாசலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தட்டச்சர் விசைப்பலகைமேல் கவிழ்ந்தார். பதிப்பாசிரியர் சிரித்து நனைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாவதை அவளே சொன்னாள். "கணக்குல நான் ரெண்டு மார்க் வாங்கினப்ப, அப்பா கையெழுத்த இவர்தான் போட்டார். அப்பா போடுறத விட அழகா இருந்தது. அன்னிக்கு ஒரு நாள்தான் வீட்ல நான் அடி வாங்கல."

"மூணும் எதிர்ச்சான்று," என்றார் பதிப்பாசிரியர். குரலில் கடுமை வரவில்லை.

அவள் மேசைக்குத் திரும்பி, சொல்லுக்குப் பொருள் எழுதினாள்: பொல்லாதவர் என்று தெரிந்தும் உள்ளே விடத் தோன்றுகிற ஆள். மூலம்: தெரியவில்லை.

"கூத்துன்னு அடிச்சு வச்சுட்டேனே!" என்றார் தட்டச்சர்.

பிறகு கடிதத்தை எடுத்தாள். பொய் எழுத அவளுக்குக் கை வராது. யோசித்து ஒரே வரி எழுதினாள்: 'இவர் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும்.'

பதிப்பாசிரியர் படித்தார். வழக்கப்படி, "சான்று?" என்று தொடங்கினார். காவலாளியைப் பார்த்தார். தட்டச்சரைப் பார்த்தார். தான் துடைத்த கண்ணாடியைப் பார்த்தார்.

"மூணு இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

நாலு ஐம்பத்தைந்து. அவள் அறைக்காரம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். சித்தப்பா எதிரில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையிலிருந்து அறைக்காரம்மாவின் குரல் வந்தது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. அப்படிப்பட்ட ஆள நீங்க ஏம்மா வெளிய அனுப்புறீங்க?"