சேட்டு மண்டபத்தில் அணையாமல் நின்ற ஃப்ளாஷ்

போன ஆடி மாதம், ராயபுரத்துச் சேட்டுகளின் மண்டபத்தில் வல்லரசு அடித்த ஃப்ளாஷ் அணையவில்லை. தேங்காய் அளவு வெள்ளை வெளிச்சம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அடித்த இடத்திலேயே நின்றுவிட்டது. மெயினை நிறுத்தினார்கள், மின்விசிறிதான் நின்றது. வெளிச்சம் கேமராவுக்குத் திரும்பாததால் படம் கறுப்பாக விழுந்தது. அந்தக் கறுப்பையும் சேட்டுகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வல்லரசு காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடல் ஒத்துவராமல் கேமராவைத் தூக்கியவன். மழைக்காலம் நாலு மாதமும் பூச்சி புழு மிதிபடும் என்று சமணத் துறவிகள் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்குவார்கள். அப்படி மண்டபத்தில் தங்கிய மூன்று பெண் துறவிகளில் மூத்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் கத்தி படாமல், சாம்பல் தொட்டுத் தொட்டு, தன் தலைமுடியைத் தானே கையால் பிடுங்கிக்கொள்ளும் நாள் அது. அதைப் படமெடுக்கத்தான் எவர்சில்வர் கடை பாரஸ்மல் இவனைக் கூப்பிட்டார்.

"ஃப்ளாஷ் மட்டும் போடாத நைனா. நெருப்பும் உயிர்தான். பளிச்சுன்னு பொறந்து அப்டியே செத்துடும்."

"அப்போ உங்கூட்டு கேஸ் அடுப்புல டெய்லி இன்னா சேட்டு நடக்குது?"

"அது எங்க பாவம், நாங்க பாத்துக்கிறோம். அதை அவங்க தலைல கட்டாத."

வல்லரசு தலையாட்டினான். ஆனால் ஒரு கொத்து முடி வேரோடு வந்தபோது கிழவியம்மா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் போட்டுப் பழகிய விரல், அதுவாகவே அமுக்கிவிட்டது. உயிரைச் சாகவிடாதவர்கள் எதிரில் பிறந்ததால் அது சாகவில்லை என்றார்கள் சேட்டுகள். எல்லாம் சைனா பேட்டரி என்றார் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஷாகுல் ஹமீது. இரண்டு பேச்சையும் முழுசாக நம்புவதற்கில்லை.

மூத்தவர் அன்றைக்கே சாப்பாட்டை நிறுத்தினார். தன்னால் பிறந்த உயிர், மிதிபடாத ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான், அதுவும் பகலில். கிழவி செத்தால் பழி தன் தலையில்தான் என்று வல்லரசு வீட்டுக்கே போகவில்லை. வலை வீசினான், கண்ணி வழியாக வெளிச்சம் நழுவியது. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தான், வாளி ஓட்டையானது. ஈரக் கோணியைப் போட்டு அமுக்கப் போனான், மூத்தவர் கை உயர்த்தித் தடுத்தார். அந்தக் கையில் எலும்பு தவிர ஒன்றும் மிச்சமில்லை.

பன்னிரண்டாம் நாள், புருஷனைத் தேடிக்கொண்டு ஃப்ளோரா வந்தாள். துறவிகள் கம்பளி நூல் துடைப்பத்தால் எறும்பை நோகாமல் ஒதுக்குவதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"எறும்பத் தள்ற மாரி தள்ளுய்யா. வலையும் வாளியுமா நிக்கிறியே, அது இன்னா விராலா?"

துறவிகள் நெருப்பைத் தொடக் கூடாது. பாரஸ்மல் சம்சாரம் பூஜைக்கு வைத்திருந்த சின்னத் துடைப்பத்தை வாங்கி ஃப்ளோரா மெல்லத் தள்ளினாள். வெளிச்சம் ஒரு சாண் நகர்ந்தது.

மிதிபடாத இடம் என்று புருஷன் பெண்சாதி இருவருக்கும் தெரிந்தது சொந்த வீடுதான். காத்திவாக்கம் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. ஒருவர் தள்ள, மற்றவர் முன்னால் சிவப்புத் துணியோடு நடந்தார். தண்டையார்பேட்டையில் ஓர் ஆட்டோக்காரர், தவணை கட்டாமல் தள்ளிக்கொண்டு போகிற ஃபைனான்ஸ் வண்டியா என்று கேட்டார். விம்கோ நகரில் கன்டெய்னர் லாரிகள் ஒரு மைலுக்கு நின்றன.

"யோவ், டிம் பண்ணுய்யா! கண்ணு பூத்துப் போச்சு!"

"பண்ணா செத்துடும் மாமு. ஓரமாப் போ."

பதினைந்தாம் நாள் நடுப்பகலில் வெளிச்சம் வாசற்படி தாண்டியது. வல்லரசு உடனே போனில் படமெடுத்துப் பாரஸ்மலுக்கு அனுப்பினான். கிழவியம்மாவுக்கு அதற்குள் பேச்சு குறைந்திருந்தது. பாரஸ்மல் நீட்டிய படத்தை அவர் பார்க்கவில்லை. அவன் வாயால் சொன்னானா என்று மட்டும் கேட்டார். பாரஸ்மல் மறுபடி போன் போட்டார்.

"சேந்துடுச்சு சேட்டு. சாப்புடச் சொல்லு," என்றான் வல்லரசு.

அது போதும் என்று மூத்தவர், இரண்டு பேர் தாங்க எழுந்து உட்கார்ந்து, பயத்தம்பருப்புத் தண்ணீர் குடித்தார். ராயபுரத்தில் ஒரு போட்டோகிராபர் பேச்சை, ஆதாரம் கேட்காமல் ஒருவர் நம்பியது அதுதான் முதல் தடவை.

வெளிச்சம் இப்போதும் காத்திவாக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் ஒயரைத் தேடினார், இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கரண்டு போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அரிசி பொறுக்க முறத்தோடு வருகிறார்கள். இறால் உரிக்கும்போது மட்டும் ஃப்ளோரா அதைப் பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.