ஆற்று வரைபடத்துக்கு ஒரு லென்ஸ்

அந்த ஆற்றின் வரைபடத்தை முழுசாக ஒரே பார்வையில் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. மேஜையில் விரித்தால் இரண்டு பக்கமும் தரையைத் தொடும்; சின்ன அறையில் விரித்தால் சுவரில் முட்டும். ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடும் வேலையில் இருந்த அண்ணிதான், சுருண்டு விறைத்துக் கிடந்த அதை ஈரப்பதத்தில் இளக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி எடுத்தாள். படம் பிடிக்க யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு எழுந்ததும் அவள் யோசிக்கவே இல்லை. தன் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் புகைப்படக்காரி. இயந்திரப் பாகம், நகை, கைக்கடிகாரம் என்று உள்ளங்கையில் அடங்குகிற சாமான்களைப் படமெடுத்தே பழகியவள். இவ்வளவு பெரிய தாளை அவள் தொட்டதே இல்லை. அதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. தெரிந்த கடைக்காரரிடம் போய் மூன்று லென்ஸ்களை இரவல் வாங்கிக்கொண்டு, காலையிலேயே வந்து நின்றாள்.

"எதுக்கும்மா இத்தனை?" என்றாள் அண்ணி.

"எது சரிவரும்னு பாத்துட்டு ஒண்ணை வெச்சுக்குவேன் அண்ணி. மத்ததைச் சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்."

வரைபடத்தை வெளியே எடுக்கும் முன், வாசிப்பறையின் தரையிலேயே சோதனை நடந்தது. தரையில் சதுரச் சதுரமாகக் கல் பதித்திருந்தார்கள். அதன் மேல் ஏணி போட்டு ஏறி, முதலில் அகல லென்ஸை மாட்டினாள். அறையின் பாதி அப்படியே படத்துக்குள் வந்துவிட்டது.

காப்பகத்தின் இயக்குநர் மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஆஹா, எல்லாம் வந்துடுச்சே! இதையே வெச்சுக்கலாமே."

"வந்திருக்கு சார். ஆனா வளைஞ்சு வந்திருக்கு. ஓரத்துக் கோட்டைப் பாருங்க."

நேரான கல்வரிசை ஓரத்தில் வில்லாக வளைந்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல நிமித்திக்க முடியாதா?"

"கோடு நிமிரும் சார். ஓரத்துல இருக்கிற பொடி எழுத்தெல்லாம் இழுபட்டு மங்கிடும்."

அடுத்தது நீள லென்ஸ். கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நின்றது; கல்லிடுக்கில் கிடந்த தூசி கூடத் துல்லியம். ஆனால் ஏணியின் உச்சிக்குப் போய்த் தலை கூரையில் இடித்தும், நாலைந்து கற்களுக்கு மேல் உள்ளே வரவில்லை.

"துண்டு துண்டா எடுத்து ஒட்டிடலாமா?" என்று மேலிருந்தே கேட்டாள்.

"ஒட்டலாம். அதுக்கு ஏணியை எங்கே போடுவே? தாளுக்கு மேலயா? இல்ல, ஒவ்வொரு தடவையும் தாளை நகர்த்துவியா? ஒரு தடவை விரிக்க விடுவேன். அதுக்கு மேல கை வெச்சே, உங்க அண்ணன்கிட்ட காட்டுற முகத்தை உன்கிட்டயும் காட்டிடுவேன்."

"சுவத்துல தொங்கவிட்டா?"

"அதோட கனமே அதைக் கிழிச்சுடும்."

புகைப்படக்காரி ஏணியிலிருந்து இறங்கினாள். மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று வெளியே வந்தாள். முதல் மாடி நடைபாதையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எதையோ நினைத்தபடி கீழே பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு நான்கு சுவரையும் ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறியது. நடுவே வெற்றிடம். அடியில், ஒரு மேஜை கூட இல்லாத அகலமான கூடம்.

"அண்ணி! அண்ணி! ஓடி வாங்க!"

ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் ஓடி வந்தார்கள். அவள் கீழே கையைக் காட்டினாள். "வரைபடத்தை அங்கே விரிங்க. கேமராவை நான் இங்கேருந்து நீட்டுறேன்."

அண்ணி எட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் தோளில் ஓர் அடி விழுந்தது. சந்தோஷ அடிதான், ஆனாலும் வலித்தது.

கேமரா முக்காலியின் குறுக்குக் கம்பியைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டி, மறுமுனையில் தண்ணீர் கேன்களைக் கனத்துக்குக் கட்டினார்கள். கேமரா நழுவினாலும் விழாதபடி தனிக் கயிறு. நீள லென்ஸுக்கு இந்த உயரமும் போதவில்லை. இரண்டாம் மாடிக்குப் போனாலோ அங்கே இரும்புக் கைப்பிடி, யாராவது நடந்தால் திரையில் படம் நடுங்கியது. மூன்றாவது லென்ஸை அதுவரை யாரும் சீண்டவில்லை. பார்வைக்கும் சாதாரணம், குட்டையாக, அகலமுமில்லாமல் நீளமுமில்லாமல். அதை மாட்டி முதல் மாடியிலிருந்தே பார்த்தாள். வரைபடத்தின் அளவுக்கு அண்ணி சாக்குக்கட்டியால் போட்டிருந்த கட்டம், நான்கு பக்கமும் துளி இடம் விட்டு, கச்சிதமாக உட்கார்ந்தது. மூலைக்கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு நேர். மூலையும் கூர்மை.

கட்டத்தின் நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து, கேமரா தன் முகத்தையே சரியாக நடுவில் பார்க்கும்வரை திருகினாள். அப்போதுதான் கேமரா தாளுக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சரிவாக விளக்குகள் வந்தன. தரையில் வெள்ளைத் துணி விரித்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போல வரைபடத்தை விரித்தார்கள்.

"யாரும் அசையாதீங்க!" மாடிப்படியில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

முதல் படம் எடுக்கும் நொடியில் கீழே எங்கோ கதவு படாரென்று சாத்திக்கொண்டது. காற்றில் தாளின் ஓரம் எழும்பியது. கூடமே "ஐயோ" என்றது. அண்ணி குப்புறப் படுத்து, சின்ன மணல்பைகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் வைத்து அமர்த்தினாள். கிழியவில்லை. அவள் எழுந்து விலகி, மேலே பார்த்துத் தலையசைத்தாள்.

இரண்டாம் படம். 'க்ளிக்' சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

திரையில் ஆறு வந்தது. மலையிலிருந்து கடல்வரை, ஒரே மூச்சில். அண்ணி படியேறி ஓடி வந்தாள். மற்றவர்களும் வந்து மொய்த்தார்கள். புகைப்படக்காரி கீழ்மூலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ஊர்ப் பெயர், துறைப் பெயர், அதற்கும் கீழே, எறும்பு அளவில் ஒரு மரம். மரத்தடியில் சுருண்டு தூங்கும் ஒரு நாய்.

"அளக்க வந்தவனுக்கு நாய் வரையவும் நேரம் இருந்திருக்கு பாரேன்!" அண்ணிக்குச் சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை மாசம் இந்தத் தாளோட குடித்தனம் பண்ணியிருக்கேன், என் கண்ணுல படலையே!"

"இன்னும் மேலே போம்மா, அந்தத் தீவுகிட்ட" என்றார் இயக்குநர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

புகைப்படக்காரி தீவை நோக்கி நகர்த்தினாள். மற்ற இரண்டு லென்ஸும் பக்கத்தில் மூடி போட்டுக் காத்திருந்தன. கடைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.